சொன்ன நேரத்துக்குப் போய்ச் சேர முடியவில்லையா? தனியாகத் தொழில் செய்யும் பிளம்பருக்கான பிழை நீக்கும் வழிமுறை

வடசென்னைத் தண்டையார்பேட்டையில் குடியிருந்துகொண்டு, தெற்கே மண்ணடி முதல் வடக்கே எண்ணூர் வரையிலும், மேற்கே வியாசர்பாடி, பெரம்பூர் வரையிலும் பிளம்பிங் வேலைக்குப் போய்வருகிறேன். ஒரு மொபெட், ஒரு ஹெல்பர், இரண்டு டூல்ஸ் பை. இவ்வளவுதான் என் தொழில். வேலை அதிகமாக இருப்பதால்தான் நேரம் போதவில்லை என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தேன். ஒருமுறை இரண்டு வாரம் விடாமல் நோட்டில் எழுதிப் பார்த்தபோது, பைப்பில் கை வைத்திருந்த நேரம் நாளில் பாதிகூட இல்லை என்பது தெரிந்தது. மீதி நேரம் சாலையிலும், கடை வாசலிலும், கொத்தனாருக்காகக் காத்திருப்பதிலும், போன வீட்டுக்கே திரும்பப் போவதிலும் கழிந்திருந்தது. பார்ட்டியிடம், அதாவது வேலைக்குக் கூப்பிட்டவரிடம், ஃபோனில் நாள் சொன்னபோது இவற்றில் எதையுமே நான் கணக்கில் வைத்திருக்கவில்லை. ஆகவே கோளாறு வேலையில் இல்லை, நாள் சொல்லும் இடத்தில்தான் இருக்கிறது என்பது என் முடிவு. கீழே வரும் எல்லா அறிகுறிகளும் ஏதோ ஒரு வழியில் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

குழாயில் தண்ணீர் வரவில்லை என்று கூப்பிட்டால் நாம் போனவுடன் மோட்டாரைக் கழற்றுவதில்லை. டேங்கில் தண்ணீர் இருக்கிறதா, கேட் வால்வு திறந்திருக்கிறதா, குழாயின் வாயில் மண் அடைத்திருக்கிறதா என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டு வருகிறோம். நேரக் கோளாற்றையும் அப்படியே பார்க்கலாம். உங்களுக்குப் பொருந்தும் அறிகுறியை எடுத்து, முதலில் சொல்லியிருப்பதைச் சரிபார்த்து, அது இல்லையென்றால் அடுத்ததற்குச் செல்லுங்கள். எலெக்ட்ரீஷியன், பெயிண்டர், கார்பெண்டர் ஆகியோருக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எதற்கும் முன்னால் செய்ய வேண்டிய சோதனை

பதினான்கு நாட்களுக்கு, ஒவ்வோர் இடம் மாறும்போதும் மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். என் நோட்டின் ஒரு பக்கம் இப்படி இருந்தது: "வீட்டை விட்டது 8.10. ஹெல்பரை ஏற்றியது 8.35. கடை 8.45, திறக்கவில்லை. திறந்தது 9.20. பார்ட்டி வீடு 9.50. வேலை தொடங்கியது 10.05. முக்கால் இஞ்ச் எல்போ இல்லை, கடைக்குப் போய்வந்தது 11.00 முதல் 11.40. வேலை முடிந்தது 12.50." ஒன்பது மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்த வேலை அது. வீட்டை விட்டு நாலு மணி நாற்பது நிமிடம் ஆகிறது. கை வேலையோ இரண்டு மணி ஐந்து நிமிடம்தான். அன்று நான் யாரிடமும் கதை பேசவில்லை, டீக்கடையில் உட்காரவும் இல்லை. எழுதிப் பார்க்காதவரை இந்த ஓட்டை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே இதைச் செய்யாமல் கீழே உள்ள எதையும் தொடங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதி முடித்தபின், நேரத்தை மூன்றாகப் பிரித்துக் கூட்டுங்கள்: கை நேரம், வழி நேரம், காத்திருந்த நேரம். எது கூடுதலாக நிற்கிறதோ அதற்கான பகுதியிலிருந்து தொடங்கலாம்.

அறிகுறி: காலையின் முதல் வேலைக்கே தாமதமாகிறது

முதல் வேலை அரை மணி தள்ளினால் கடைசி வேலை இரண்டு மணி தள்ளும். ஆகவே இதை முதலில் சரிசெய்தாக வேண்டும்.

முதலில், காலையில் கடைக்குப் போகிறீர்களா என்று பாருங்கள். போகிறீர்கள் என்றால் காரணம் அதுவே. முதல் வேலைக்கான சாமான் முந்தின நாள் மாலையே பையில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத நாளில் அந்த வேலையை முதலாவதாக வைக்காமல், சாமான் வாங்கத் தேவையில்லாத வேறொரு வேலையை முதலில் வையுங்கள். ஹெல்பர் ஒரு திசையிலும் வேலை ஒரு திசையிலும் இருந்தால் அவரை ஏற்றிக்கொண்டு போவதை நிறுத்தி, நேராக அங்கே வரச் சொல்லுங்கள். அதற்கான பஸ் கூலியைக் கொடுத்தாலும் நமக்கு மிச்சம்தான்.

இவை இரண்டும் சரியாக இருந்தும், வீட்டுக்காரர் வாசலில் நிறுத்தி வைக்கிறார் என்றால் நாளையும் நேரத்தையும் பாருங்கள். ஒழுகும் குழாய்க்கு யாரும் ராகு காலம் பார்ப்பதில்லை. ஆனால் புது வீட்டுக்கு முதல் பைப் போடுவது, புது போர் மோட்டார் இறக்குவது போன்றவற்றுக்கு நம் பக்கத்தில் பெரும்பாலோர் பார்ப்பார்கள். திங்கட்கிழமை 7.30 முதல் 9 வரை, சனிக்கிழமை 9 முதல் 10.30 வரை, வெள்ளிக்கிழமை 10.30 முதல் 12 வரை ராகு காலம். சனிக்கிழமை 9.15-க்குப் புது வேலைக்குப் போய் நின்றால் 10.30 வரை திண்ணையில்தான் உட்கார வேண்டும். நமக்கு அதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே பேச்சில்லை. அவர்கள் பணத்தில் அவர்கள் வீட்டில் நடக்கும் வேலை அது. ஆகவே சனிக்கிழமைப் புது வேலையை எட்டரைக்குத் தொடங்குங்கள், இல்லையேல் முதலில் ஒரு ரிப்பேரை முடித்துவிட்டுப் பதினொன்றுக்குப் போங்கள். அதைப் போலவே மண்ணடி, பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் இஸ்லாமியர் வீடுகளில் வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தை வேலைக்குள் வைக்காமல் முன்னதாகவோ பின்னதாகவோ வைத்துக்கொள்வது நமக்கும் மரியாதை, அவர்களுக்கும் வசதி.

அறிகுறி: ஒரு மணி நேர வேலை மாலை வரை நீளுகிறது

என்னை மிகவும் வருத்தியதும், சரிசெய்யப் பல ஆண்டுகள் பிடித்ததும் இந்தக் கோளாறுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு வீடு. குளியலறையில் ஒரு குழாய் ஒழுகுகிறது, மாற்றித் தர வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பதினொன்றுக்குள் முடித்துவிடலாம் என்று நினைத்து, பதினொன்றரைக்கு ஒரு வீட்டையும் மூன்று மணிக்கு இன்னொரு வீட்டையும் ஒப்புக்கொண்டிருந்தேன். குழாயில் ஸ்பேனரைப் போட்டு ஒரு கால் சுற்றுத் திருப்பியதும், கையில் இருந்த இறுக்கம் திடீரென்று விட்டுப்போனது. குழாய் கழன்று வரவில்லை. சுவருக்குள் இருந்த ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) நிப்பிள், அதாவது இணைக்கும் சிறு துண்டுக் குழாய், துருப்பிடித்து, எல்போவுக்குள்ளேயே மரையோடு முறிந்துவிட்டது. முறிந்த வாயில் விரலை வைத்துப் பார்த்தால் அரை இஞ்ச் பைப்பில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது, மீதியெல்லாம் துரு. டைல்ஸை உடைத்து, சுவரைக் கொத்தி, எல்போவை எடுக்கப் போனால் அதற்கு அடுத்த பைப்பும் கையோடு வருகிறது. இரவு ஏழரைக்கு அந்த வீட்டில் தண்ணீர் திறந்துவிட்டேன். மற்ற இரண்டு வீட்டாரும் அன்று முழுவதும் காத்திருந்தார்கள்.

குழாய் மாற்றுவது ஒரு மணி நேர வேலை என்பதில் தவறில்லை. அந்த வீட்டில் என்ன பைப் இருக்கிறது என்று கேட்காமலே நேரம் சொன்னதுதான் தவறு. அன்றிலிருந்து நாள் சொல்வதற்கு முன்னால் நான்கு கேள்விகளைக் கேட்காமல் ஃபோனை வைப்பதில்லை. வீடு கட்டி எத்தனை ஆண்டு ஆகிறது? சுவருக்குள் ஓடுவது இரும்பு பைப்பா, பிளாஸ்டிக் பைப்பா? மேலே டேங்கிலிருந்து வரும் லைனுக்கு கேட் வால்வு இருக்கிறதா, அது கையால் மூடினால் மூடுகிறதா? குடிக்கும் தண்ணீர் தவிர மற்றதற்கு போர் தண்ணீரா, மெட்ரோ வாட்டரா (குடிநீர் வாரியத் தண்ணீரா)? கூடவே, ஒழுகும் இடத்தையும் அதைச் சுற்றி ஒரு முழம் சுவரையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறேன். காசிமேடு, திருவொற்றியூர் போலக் கடலை ஒட்டிய இடங்களில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் இரும்பு பைப் விரைவில் அரித்துவிடும். நாலாவது கேள்வி அதற்காகத்தான்.

பதில்களைக் கொண்டு நேரத்தை இப்படி வைக்கலாம். பி.வி.சி. அல்லது சி.பி.வி.சி. என்னும் பிளாஸ்டிக் லைன், கேட் வால்வு மூடுகிறது என்றால் நீங்கள் வழக்கமாக நினைக்கும் நேரமே போதும். கேட் வால்வு இறுகிப்போயிருந்தால், டேங்கைக் காலி செய்ய ஒரு மணி நேரத்தைச் சேருங்கள். இருபது ஆண்டுக்கு மேற்பட்ட ஜி.ஐ. லைன் என்றால் அரை நாளை முழுமையாக ஒதுக்குங்கள், அதற்குப் பின்னால் அன்று யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம். குழாய் நல்லபடியாகக் கழன்று வந்து வேலை சீக்கிரம் முடிந்துவிட்டால் அந்த நேரத்தில் பக்கத்துத் தெருவின் சில்லறை வேலை ஒன்றை முடித்துக்கொள்ளலாம், அது போனஸ். நேரத்தைக் கூடுதலாகச் சொன்னால் பார்ட்டி வேறு ஆளைத் தேடிப் போய்விடுவார் என்ற பயம் எனக்கும் இருந்தது. "அம்மா, உங்க வீட்டுல இரும்பு பைப்பு, உள்ளே எப்படி இருக்குன்னு திறந்தாதான் தெரியும், அதனால அரை நாள் வெச்சிருக்கேன்" என்று காரணத்தோடு சொன்னால் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள் என்பதே என் அனுபவம்.

இந்தக் கேள்விகளையெல்லாம் கேட்டும் வேலை நீளுகிறது என்றால், ஒட்டு காயும் நேரத்தைப் பாருங்கள். சால்வென்ட் (பிளாஸ்டிக் பைப்பை ஒட்டும் பசை) போட்ட ஜாயிண்ட்டில் உடனே தண்ணீரைத் திறக்க முடியாது. டப்பாவில் அச்சிட்டிருக்கும் நேரத்தை விட்டாக வேண்டும், அவசரப்பட்டால் மறுநாள் திரும்ப வர நேரும். இந்த நேரத்தை அங்கேயே உட்கார்ந்து கழிக்கக் கூடாது. ஜாயிண்ட் போடும் வேலையை மாலைக்குத் தள்ளி, வீட்டாரைக் குடத்திலும் டிரம்மிலும் தண்ணீர் பிடித்து வைத்துக்கொள்ளச் சொல்லி, இரவெல்லாம் காயவிட்டு, மறுநாள் போகும் வழியில் திறந்து பார்த்துவிட்டுப் போவது நல்ல ஏற்பாடு. பாத்ரூம் வாட்டர்புரூஃபிங் முடித்துத் தண்ணீர் கட்டிப் பார்க்கும் 24 மணி நேரத்தையும் இவ்வாறே, ஒரு நாளின் மாலையிலிருந்து மறுநாள் மாலை வரை என்று நோட்டிலேயே எழுதிவிட வேண்டும்.

அறிகுறி: வேலை நடுவில் கடைக்கு ஓட வேண்டியிருக்கிறது

கடந்த இரண்டு வாரத்தில் எந்தெந்த சாமானுக்காக ஓடினீர்கள் என்று நோட்டைப் பாருங்கள். எனக்குத் திரும்பத் திரும்ப ஏழெட்டுச் சாமான்களே வந்தன: அரை இஞ்ச், முக்கால் இஞ்ச் எல்போவும் கப்ளிங்கும், ஆங்கிள் காக், கனெக்ஷன் ஹோஸ், வேஸ்ட் கப்ளிங், பால் வால்வு, வாஷர், டெஃப்லான் டேப். இவற்றில் இரண்டிரண்டு ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் எப்போதும் வண்டியில் இருக்கிறது. எடுத்த அன்றே அதை நிரப்பிவிட வேண்டும். நிரப்பாத டப்பா இல்லாததற்குச் சமம்.

பாரிமுனைக் கடைத்தெருவில் மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்பது உண்மைதான், ஆனால் போய்வர அரை நாள் போகும். ஒரு வேலைக்காக அங்கே போவதை விட்டுவிட்டு, வாரத்தில் ஒரு நாளை அதற்கென வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை அங்கே பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதை மறக்க வேண்டாம்.

அறிகுறி: வழியிலேயே நாள் போகிறது

நோட்டில் வழி நேரம் இரண்டரை மணிக்கு மேல் வந்தால், வேலைகளைக் கூப்பிட்ட வரிசையில் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். காலையில் திருவொற்றியூர், மதியம் பெரம்பூர், மாலையில் மறுபடியும் எண்ணூர் என்று போனால் எந்த வண்டியும் தாங்காது. நம் பகுதியில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிடவே கூடாது. கொருக்குப்பேட்டையில் ரயில்வே கேட் போட்டு, கூட்ஸ் வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தால் ஐந்து நிமிட வழி அரை மணி ஆகும். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டால் மொபெட்கூட நுழைய இடம் இருக்காது. மழை பெய்தால் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் தேங்கி, சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும்.

நான் கிழமையை ஏரியாவாகப் பிரித்திருக்கிறேன். திங்களும் வியாழனும் சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர். செவ்வாயும் வெள்ளியும் ராயபுரம், வண்ணாரப்பேட்டை, மண்ணடி. புதனன்று வியாசர்பாடி, பெரம்பூர். சனிக்கிழமை, நடந்துகொண்டிருக்கும் பெரிய சைட்டுக்கு. பெரம்பூரிலிருந்து வியாழக்கிழமை கூப்பிட்டால், "அடுத்த புதன்கிழமை உங்க பக்கம் வர்றேன், அதுவரைக்கும் தாங்குமா?" என்று கேட்கிறேன். தாங்கும் என்று சொல்பவர்களே அதிகம்.

அளவு பார்த்து எஸ்டிமேட் கொடுக்கப் போவதை வேலை நாளோடு கலக்க வேண்டாம். அதற்கு டூல்ஸ் பை தேவையில்லை. டேப்பும் நோட்டும் போதும். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021 பிப்ரவரியில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, திருவொற்றியூர்ப் பக்கம் எஸ்டிமேட் பார்ப்பதை மாலை நேரத்தில் ரயிலிலேயே முடித்துக்கொள்கிறேன். திரும்பி வரும்போது ரயிலிலேயே உட்கார்ந்து கணக்கையும் போட்டு அனுப்பிவிட முடிகிறது.

அறிகுறி: அவசர அழைப்பு வந்து நாள் முழுவதும் சிதறுகிறது

"அண்ணா, தண்ணி நிக்கவே மாட்டேங்குது, சீக்கிரம் வாங்க" என்று கேட்டவுடன் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவது இயல்பு. இரக்கமும் அதில் இருக்கிறது. ஆனால் நாம் போட்டுவிட்டு வந்த வீட்டிலும் தண்ணீர் மூடித்தான் கிடக்கிறது என்பதை நினைக்க வேண்டும்.

முதலில் ஃபோனிலேயே தண்ணீரை நிறுத்த முயலுங்கள். மோட்டார் ஓடினால் அணைக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடியில் டேங்கின் அடியில் இருக்கும் கேட் வால்வை வலப்பக்கமாகத் திருப்பச் சொல்லுங்கள். கழிவறை டேங்க் ஒழுகினால் அதன் கீழிருக்கும் ஆங்கிள் காக்கை மூடச் சொல்லுங்கள். வீடியோவில் கூப்பிட்டுக் காட்டினால் பெரியவர்களும் செய்துவிடுவார்கள். பெரும்பாலும் இங்கேயே அவசரம் அடங்கிவிடும். பிறகு அன்று மாலையோ மறுநாள் காலையோ என்று நேரம் சொல்லலாம்.

மூடியும் நிற்கவில்லை என்றால், தண்ணீர் எங்கே போகிறது என்று கேளுங்கள். மின்சார போர்டுப் பக்கமோ கீழ் வீட்டுக் கூரையிலோ இறங்கினால் உடனே போக வேண்டும். மெயின் சுவிட்சை அணைக்கவும் சொல்ல வேண்டும். கழிவு நீர் வீட்டுக்குள் திரும்பி ஏறுகிறது என்றாலும், அந்த வீட்டில் ஒரே கழிவறை என்றாலும், படுத்த படுக்கையாக ஒருவர் இருந்தாலும் உடனே போக வேண்டும். தெருவின் பாதாளச் சாக்கடையே நிரம்பியிருந்தால் நாம் போய்ப் பயனில்லை. குடிநீர் வாரியத்தில் புகார் செய்யச் சொல்லி நேரத்தை அவர்களுக்கும் மிச்சப்படுத்துங்கள். வாசலில் இருக்கும் சேம்பரைத் திறந்து அங்கேயும் நிரம்பி நிற்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

இப்படிச் சலித்த பிறகும் வாரத்தில் மூன்று நான்கு உண்மையான அவசரங்கள் வருகின்றன என்றால், அவை எதிர்பாராதவை அல்ல. அவற்றுக்கென்றே ஒவ்வொரு நாளும் மாலை நான்கு முதல் ஆறு வரை காலியாக வையுங்கள். யாரும் கூப்பிடாத நாளில் அந்த இரண்டு மணியில் பாக்கி வேலை முடியும், அல்லது சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்.

அறிகுறி: சைட்டுக்குப் போனால் வேலை செய்ய இடம் தயாராக இல்லை

கட்டுகிற வீட்டில் நம் வேலை தனியாக நடப்பதில்லை. கொத்தனார் சுவர் எழுப்பியபின் நாம் காடி வெட்டிப் பைப் போட வேண்டும், பிறகு அவர் பூச வேண்டும், பிறகு டைல்ஸ் மேஸ்திரி, அவருக்குப் பின் மறுபடியும் நாம் ஃபிட்டிங்குக்கு. ஒருவர் ஒரு நாள் தவறினால் பின்னால் நிற்பவர்கள் எல்லோரும் தவறுவார்கள். வீட்டுக்காரர் சொல்லும் தேதியை நம்பிப் போக வேண்டாம். அவருக்கு மேஸ்திரி சொன்னதே தெரியும். டைல்ஸ் மேஸ்திரியின் எண்ணை வாங்கிவைத்து, முந்தின நாள் மாலை அவரிடமே, "அண்ணே, பாத்ரூம் சுவர் டைல்ஸ் முடிஞ்சுதா, கிரவுட் போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வாட்ஸ்அப்பில் படமும் அனுப்பச் சொன்னால் இன்னும் நல்லது.

ஆட்கள் தயாராக இருந்தும் வேலை ஓடவில்லை என்றால் மின்சாரத்தையும் தண்ணீரையும் பாருங்கள். பராமரிப்புக்காக மின்வாரியம் மின்சாரத்தை நிறுத்துவது வழக்கமாகக் காலை 9 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை. முந்தின நாளே செய்தித்தாளில் பகுதிப் பெயர்களோடு வந்துவிடும். அன்று டிரில்லிங் மெஷினும் கட்டிங் மெஷினும் ஓடாது. மெட்ரோ வாட்டர் எந்தத் தெருவுக்கு எந்த நாள், எந்த நேரம் வருகிறது என்பதையும் பார்ட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சம்ப்பில் பால் வால்வு மாற்றும் வேலையைத் தண்ணீர் வரும் நாளில் வைத்தால், நாம் இறைக்க இறைக்க அது நிரம்பும்.

அறிகுறி: ஐந்தாறு சைட் திறந்து கிடக்கிறது, எங்கிருந்தும் பணம் வரவில்லை

இதைப் பணக் கோளாறு என்று நினைத்துப் புது வேலை பிடிப்பார்கள். அதனால் கோளாறு பெரிதாகும். அட்வான்ஸ் வாங்கினால் அன்று கை நிறைகிறது, ஆனால் ஏழாவது சைட்டும் திறந்துகொள்கிறது. முடிக்காத வேலைகளை ஒரே தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை மணி நேர வேலை பாக்கி, எவ்வளவு பணம் பாக்கி என்று குறியுங்கள். நான் முதன்முதலில் எழுதியபோது, ஒரு வாஷ் பேசினும் ஒரு ஹெல்த் ஃபாசெட்டும் மாட்டாததால் ஒரு வீட்டில் பதினோராயிரம் ரூபாய் நின்றிருந்தது தெரிந்தது. இரண்டு மணி நேர வேலை. குறைந்த நேரத்தில் அதிகப் பணம் விடுபடும் வேலையை முதலில் முடித்து, அங்கேயே பில் எழுதிக் கையோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். இரவில் வீட்டில் உட்கார்ந்து எழுதலாம் என்று விட்ட பில் வாரக்கணக்கில் தள்ளும். இரண்டு பெரிய சைட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் திறப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்.

அறிகுறி: சில மாதம் மூச்சு முட்டுகிறது, சில மாதம் வேலையே இல்லை

இது முன்கூட்டியே தெரிந்த விஷயம். காலண்டரை வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். ஆடியிலும் மார்கழியிலும் புதுமனை புகுவதில்லை. ஆகவே ஆவணிக்கும் தைக்கும் கிரகப்பிரவேசம் வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஃபிட்டிங் கேட்பார்கள். வேலை ஒப்புக்கொள்ளும்போதே கிரகப்பிரவேசத் தேதியைக் கேட்டு, அதற்குப் பத்து நாள் முன்னதாக நம் வேலை முடியும்படி எழுதிக்கொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலம். காசிமேட்டுப் பக்கம் வீட்டில் ஆண்கள் இருப்பதால் வேலைக்குக் கூப்பிடுவார்கள், ஆனால் பணம் தடை முடிந்தபின்தான் வரும். மறுக்க வேண்டியதில்லை, சாமானுக்கு மட்டும் முன்பணம் வாங்கிக்கொண்டு, கூலி ஜூலையில் வரும் என்று கணக்கு வைத்துச் செய்யலாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் வெளி வேலை நிற்கும். மாடி லைன், டேங்க் வேலைகளைப் புரட்டாசிக்குள் முடித்துவிட்டு, உள் வேலைகளை மழைக்கு விட்டுவையுங்கள். வேலை குறைந்த வாரத்தில் டூல்ஸைச் சரிபார்ப்பது, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியப் பதிவைப் புதுப்பிப்பது போன்றவற்றை முடிக்கலாம்.

அறிகுறி: பார்ட்டியின் பெயரைத் திரையில் பார்த்தாலே ஃபோனை எடுக்கக் கை வரவில்லை

மற்ற கோளாறுகள் முற்றினால் இதில் வந்து நிற்கும். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்பதால் எனக்கு நடந்ததையே எழுதுகிறேன்.

காலடிப்பேட்டையில் தனியாக இருக்கும் ஒரு வயதான அம்மாவுக்கு மாடி டேங்கின் அவுட்லெட் மாற்ற வேண்டும். நாளை காலை வருகிறேன், டேங்கைக் காலி செய்து வையுங்கள் என்று சொல்லியிருந்தேன். மறுநாள் வேறோர் இடத்தில் மாட்டிக்கொண்டேன். பத்து மணிக்குக் கூப்பிட்டார், எடுக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கூப்பிட்டார், இரண்டுக்குக் கூப்பிட்டார். என்ன சொல்வது என்று தெரியாமல் அப்போதும் எடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் போனபோது வாசலில் மூன்று பிளாஸ்டிக் குடங்கள் இருந்தன. டேங்க் காலியாக இருந்ததால் எதிர்வீட்டு அடி பம்பிலிருந்து அவரே தூக்கி வந்திருக்கிறார். அவர் என்னைத் திட்டவில்லை. "வர முடியலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா டேங்கைக் காலி பண்ணியிருக்க மாட்டேனேப்பா" என்று மட்டும் சொன்னார்.

இங்கே சரிபார்க்க வேண்டியது ஒன்றுதான்: வர முடியாது என்பது உங்களுக்கு எப்போது தெரிந்தது, அவருக்கு எப்போது தெரிந்தது? இடையில் இருக்கும் நேரம்தான் கோளாறு. அதைக் குறைக்க இரண்டு ஏற்பாடுகள் செய்திருக்கிறேன். ஒன்று, நாள் சொல்லும்போது இன்ன மணிக்கு என்று சொல்லாமல் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள் என்று இரண்டு மணி இடைவெளியாகச் சொல்கிறேன்; கிளம்பும்போது கிளம்பிவிட்டேன் என்று ஒரு குரல் பதிவு அனுப்புகிறேன். மற்றது, ஒவ்வொரு நாளும் இரவு எட்டு மணிக்குள், சாப்பிட உட்காருவதற்கு முன்னால், நாளைய பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அதில் இருக்கும் எல்லோரையும் வரிசையாகக் கூப்பிடுகிறேன். வருபவர்களிடம் நேரத்தை உறுதி செய்கிறேன். வர முடியாதவர்களிடம், "நாளைக்கு வர முடியாதும்மா, வியாழக்கிழமை ஒன்பதுலேர்ந்து பதினொண்ணுக்குள்ள வர்றேன், டேங்கைக் காலி பண்ணாதீங்க, நான் கிளம்பும்போது சொல்றேன், அப்ப திறந்துவிட்டாப் போதும்" என்று சொல்லிவிட்டு, அந்த வியாழக்கிழமைப் பக்கத்தில் அவர் பெயரை எழுதிய பிறகே ஃபோனைக் கீழே வைக்கிறேன்.